ஆடை போக மிச்சமுள்ள பாதி

(மதுரையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், இந்தப் பகுதியில் எந்தப் பெண்பிள்ளையும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, நூலக வாசலில் திறந்து கிடந்த சாக்கடைக்கு மூடி போட்டு, மழை நாளிலும் பிள்ளைகள் உள்ளே வர வழி செய்து தந்த மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் நூலகர் அவர்களே, எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நூலகத்துக்கு இரண்டு பீரோவும் நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலிகள் அத்தனையும் அன்பளிப்பாகத் தந்திருக்கும் ஜவுளி வணிகர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

ஐயா அவர்களைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். போன வருடம் வரை இந்த விழாவுக்கு வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் சுவரோரமாக நின்றுகொண்டே கேட்டார்கள். அதை ஐயா பார்த்தார். யாரும் போய்க் கேட்கவில்லை. மறுவாரமே ஒரு மினி வண்டியில் நாற்காலிகள் வந்து இறங்கின. பின்னால் பெயர்கூட எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மனிதன் உட்கார வேண்டும் என்று நினைக்கிற மனசு பெரிய மனசு. அந்த மனசை நம்பித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்குத் தெரியும், எந்த மேடை ஏறினாலும் ஒரு பழமொழியைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். ஆள் பாதி, ஆடை பாதி. இதைப் பெரும்பாலும் நேர்காணலுக்குப் போகிற பையனிடம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ என்பதற்காகச் சொல்கிறோம். நான் அதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நம் பாட்டன் பூட்டன் ஆடைக்குப் பாதிதான் கொடுத்திருக்கிறார்கள். மிச்சப் பாதி ஆளுக்கு. இன்றைக்கு நாம் போட்டுக்கொண்டு திரியும் ஆடைகளில் பெரிய ஆடை நம் வேலை. அதைப் பார்த்துத்தான் வணக்கம், அதைப் பார்த்துத்தான் நாற்காலி, அதைப் பார்த்துத்தான் பந்தியில் இலை. மிச்சப் பாதியை யார் பார்த்தது?

இரண்டு செய்திகளைச் சொல்ல எண்ணி வந்தேன். ஒன்று, ஒருவரைப் பார்த்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி. இரண்டு, வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்களின் நிலை.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்காருகிறார். "சார் என்ன பண்றீங்க?" அவர் சொல்லும் பதிலில் நம் முதுகு நிமிர்வதும் சாய்வதும் தீர்மானமாகிறது. தாசில்தார் என்றால் ஒரு குரல். வாட்ச்மேன் என்றால் கண் செல்போனுக்குப் போய்விடுகிறது. முன்பு ஒரு காலம், எந்த ஊர் என்று கேட்பார்கள், ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். எதைத் தெரிந்துகொள்ள அந்தக் கேள்வி என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இன்று படித்தவர்கள் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நல்லது. ஆனால் வேலையைக் கேட்டு அதே தராசில் நிறுக்கிறார்களே, அதற்குக் கூச்சம் வரவில்லையே.

இந்த ஊருக்கு அந்தக் கூச்சம் முதலில் வர வேண்டும். ஏன் தெரியுமா? ஆடையைக் கழற்றி வைத்துவிட்டு ஆளைக் காட்டிய ஊர் மதுரை. 1921 செப்டம்பர் 22, மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் விட்டார். இடுப்புத்துணியோடு வெளியே வந்தார். லண்டனில் பாரிஸ்டர் படித்து, கோட்டும் டையும் கட்டிய மனிதர். அந்தக் கோலத்தில் முதன்முதலாக அவர் கூட்டத்தின் முன் வந்த இடத்தைத்தான் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்கிறோம். பாரிஸ்டர் என்ற ஆடையும் போன பிறகு நின்ற ஆள் எவ்வளவு பெரிய ஆள்! ஆள் பாதி, ஆடை பாதி என்ற கணக்கையே அவர் மாற்றிக் காட்டினார்.

இன்னும் பின்னால் போகலாம். இங்கிருந்து திருப்புவனம் போகிற வழியில் கீழடி. அங்கே மண்ணுக்குள்ளிருந்து வந்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஆதன் என்று ஓர் ஓடு. குவிரன் என்று ஓர் ஓடு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த ஆதன் என்ன வேலை பார்த்தான், எவ்வளவு சம்பாதித்தான், ஒன்றும் ஓட்டில் இல்லை. பெயர் இருக்கிறது. கீழடி அருங்காட்சியகத்தில் அந்த ஓட்டின் முன்னால் நின்றபோது, இவன் என் சொந்தக்காரன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தொழிலை மறைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சங்கப் புலவர்கள் வரிசையைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், நம் ஐயாவைப் போலத் துணி வணிகர். அவர் பாட்டு நற்றிணையிலும் இருக்கிறது, அகநானூற்றிலும் இருக்கிறது. தொழிலைப் பெருமையாகப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் தொழிலோடு நின்றுவிடவில்லை. துணிக்கடைக்காரருக்குள் ஒரு புலவர் இருப்பார் என்று அன்றைய மதுரை நம்பியது. இன்றைய மதுரை அந்தத் துணிக்கடையில் மடித்து வைக்கிற பெண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கிறதா?

பதவி போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே ஒரு கதை உண்டு. மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். பொதுப்பணி, விவசாயம், உள்துறை என்று அமைச்சராக இருந்தவர். 1967 தேர்தலில் தோற்றார். பிற்காலத்தில் உடல்நலம் கெட்டு, மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் எல்லோரையும் போல ஒரு நோயாளியாகப் படுத்திருந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர் அங்கே இருப்பதை அறிந்து ஓடிப்போய்ப் பார்த்தார். 1981இல் கக்கன் மறைந்தார். அவர் தன் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்கவில்லை, அது அவர் பெருமை. அந்த வார்டு வழியாக நடந்துபோன எத்தனையோ பேருக்கு அவரைத் தெரியவில்லை, அது நம் பழக்கம். அமைச்சர் என்ற ஆடை இல்லாதபோது ஆளைத் தெரியாத பழக்கம்.

இரண்டாவது செய்தி. "வீட்ல சும்மாதான் இருக்காங்க." இந்த ஒரு வாக்கியத்தை நம் ஊரில் எத்தனை புருஷன்மார் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறார்கள்! விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தவள் சும்மா இருக்கிறாளாம். ஓய்வுபெற்றவருக்கும் அதே கதி. அலுவலகத்தில் இருந்தவரைக்கும் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும், ஓய்வுபெற்ற மறுமாதம் தீபாவளி வாழ்த்து சொல்லக்கூட ஆள் வராது. பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடுகிற பையன் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கே வர மறுக்கிறான், அங்கே என்ன கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். இதைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் என் மனசில் நிற்கிற விஷயம் வேறு. அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் அக்கா மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். முகூர்த்தச் சேலை எடுக்க நம் ஊரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். எந்தக் கடை என்பது வேண்டாம். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், குழந்தை குட்டி என்று ஒரு வேன் நிறைய ஆள். பெண்ணின் அப்பத்தாவும் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். எண்பது வயதுக்கு மேல். காதில் தண்டட்டி, வாயில் வெற்றிலை. பட்டுப் பிரிவுக்கு இரண்டு மாடி ஏறணும், லிப்ட்டில் ஏற மாட்டேன் என்று படியிலேயே ஏறி வந்துவிட்டது.

எங்களுக்குச் சேலை காட்ட ஒரு பிள்ளை நின்றது. இருபது வயது இருக்கும். யூனிபார்ம் சேலை, கழுத்தில் அட்டை. நாங்கள் எல்லோரும் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டோம். அந்தப் பிள்ளை குனிந்து, நிமிர்ந்து, பின்னால் திரும்பி அலமாரியில் எடுத்து, விரித்து, தோளில் போட்டுக் காட்டி, மடித்து, மறுபடி குனிந்து... அறுபது சேலையா எழுபது சேலையா, யார் எண்ணினார்கள்? "அதக் காட்டு." "அந்த மாம்பழக் கலர எடு." "இது வேணாம், முன்னாடி காட்டுனியே அது." பெயர் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அப்பத்தா சேலையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னது: "ஏத்தா, செத்த உக்காருத்தா."

பிள்ளை சிரித்தது. "பரவால்லங்க பாட்டி."

"பரவால்லையா? கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு, பரவால்லைங்கிற? உக்காரு."

"உக்காரக் கூடாதுங்க பாட்டி." மெதுவாகச் சொன்னது. கண் மேலே கேமரா பக்கம் போனது.

அவ்வளவுதான். அப்பத்தா கையில் இருந்த சேலையைக் கீழே வைத்தது. "இவ உக்காந்தாத்தான் நான் சேல பாப்பேன். நான் பாத்தாத்தான் இவுக எடுப்பாக." எங்களுக்குச் சங்கடம். சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்க்கிறார்கள். என் அக்கா "அத்த, சும்மா இருங்கத்த" என்று கையைப் பிடித்து அழுத்துகிறார். அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "என்ன பாட்டி, கலர் புடிக்கலையா? வேற காட்டச் சொல்லவா?" அப்பத்தா கேட்டது: "கலர் இருக்கட்டும் ராசா. இம்புட்டுப் பெரிய கடையில ஒரு முக்காலி இல்லையா?"

சுற்றி நாலைந்து குடும்பம் சேலை பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு அம்மா எழுந்து, "ஆமாங்க, நாங்க வந்ததுலருந்து அந்தப் புள்ளையும் நிக்குது" என்று தங்கள் பக்கத்துப் பிள்ளையைக் காட்டினார். சூப்பர்வைசர் என்ன நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். அந்தப் பிள்ளை உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது.

அப்பத்தா முதலில் கேட்டது, "சாப்ட்டியா?" மணி மூன்றரை. இன்னும் இல்லை. அடுத்தது, "உம் பேரு என்னாத்தா?" பெயரைச் சொன்னது. நான் இங்கே அதைச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளையின் வேலைக்கு இடைஞ்சல் வரக் கூடாது. அப்புறம் அப்பத்தா கேட்டது பாருங்கள், அதுதான் கேள்வி: "ஒனக்கு என்னா புடிக்கும்?"

அந்தப் பிள்ளை சொன்னது, "ஓடப் புடிக்கும் பாட்டி." பள்ளியில் படிக்கும்போது எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய பிள்ளை. பேரையூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் விடியற்காலை ஓடிப் பழகினதாம். அப்பா இறந்துபோக, படிப்பு நின்று, இங்கே வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை.

அப்பத்தா குனிந்து அந்தப் பிள்ளையின் கெண்டைக்காலைத் தடவியது. "ஓடுன காலாத்தா இது." அதற்கு மேல் எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

"நீ கட்டுறதா இருந்தா எதக் கட்டுவ?" என்று கேட்டு, அது காட்டிய அரக்குச் சேலையைத்தான் எடுத்தோம். அக்கா மகள் அதைத்தான் முகூர்த்தத்துக்குக் கட்டினாள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் எழுதி, மஞ்சள் தடவி, பத்திரிகை கொடுத்தது அப்பத்தா. முகூர்த்த நாளில் கடையில் லீவு கிடைக்காது என்று அதற்கு முதல் நாள் இரவு பெண்ணழைப்புக்கு வந்துவிட்டுப் போனது.

இப்போது சொல்லுங்கள். ஆள் பாதி, ஆடை பாதி. கழுத்தில் அட்டை தொங்கிய பாதியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஓடின பாதியைப் பள்ளிக்கூடம் போகாத அந்த அப்பத்தா பார்த்தது. ஆனால் ஒன்று: அந்தப் பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் அது வெளியே வந்தது. நின்றுகொண்டிருந்தவரை அது விற்பனைப் பெண். இன்னொருவர் உட்கார்ந்திருக்க, தான் நின்றே ஆகவேண்டும் என்றிருக்கிற மனிதரோடு யாரும் மனிதராகப் பேச முடியாது.

அதனால்தான் எங்கே பேசினாலும் ஸ்டூலைப் பற்றிப் பேசுகிறேன். தயவுசெய்து இதைச் சின்ன விஷயம் என்று எண்ணாதீர்கள். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும், வெறுமனே நின்றால் அந்த வேலை நடக்காது. நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைக்கும். வெரிகோஸ் என்று டாக்டர் சொல்வார். இடுப்பு போகும். மாதவிலக்கு நாளில் நிற்கிற பெண்ணின் வலியைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது கருணையும் இல்லை, சட்டம். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்ணின் முன்முயற்சியில் பெண்கூட்டு என்று சேர்ந்து, முதலில் கழிப்பறைக்கும் பிறகு உட்காருவதற்கும் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும். எல்லாப் பணியாளர்களுக்கும், எல்லாக் கடையிலும். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, எதற்கும் விலக்கு இல்லை.

சட்டம் வந்துவிட்டது, ஸ்டூல் எத்தனை கடையில் வந்தது? நாளைக்கே விளக்குத்தூண் பக்கம் போய்ப் பாருங்கள். தெற்கு மாசி வீதியில் பாருங்கள். சில கடைகளில் போட்டிருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். பல கடைகளில் அதுவும் இல்லை.

முதலாளிகளிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: "வர்ற கஸ்டமர் தப்பா நெனப்பாங்க சார். புள்ளைக உக்காந்திருந்தா, என்னடா மதிக்க மாட்டேங்கிறாளேன்னு அடுத்த கடைக்குப் போயிருவாங்க." இதில் பொய் இல்லை. நாம்தான் அப்படி நினைக்கிறோம். நாம் உள்ளே நுழைந்ததும் ஒருவர் எழுந்து நின்றால்தான் நாம் பெரிய ஆள் என்று நமக்கு நம்பிக்கை வருகிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு பிள்ளையின் காலைக் கொடுக்க வேண்டுமா? ஆகவே நான் கேட்பது முதலாளிகளை மட்டுமல்ல, உங்களையும்தான். ஆடித் தள்ளுபடிக்குப் போவீர்கள், தீபாவளிக்குப் போவீர்கள். சேலை விரிப்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள். "நீங்க உக்காருங்க, நாங்க பாத்து எடுக்கறோம்" என்று சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள். நாலு குடும்பம் சொன்னால் கடைக்காரர் ஸ்டூல் வாங்கிப் போடுவார்.

ஜவுளி வணிகர் ஐயா அவர்களே, உங்கள் முன்னால் இதைப் பேசுவதற்கு நான் தயங்கவில்லை. இந்த நூலகத்தில் முன்பின் தெரியாதவர்கள் நிற்பதைப் பார்த்து உங்களுக்கு மனசு பொறுக்கவில்லை. வணிகர் சங்கக் கூட்டத்தில் உங்கள் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது. வருகிற ஆடி சீசனுக்கு முன், சங்கத்தின் சார்பில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சுற்றறிக்கை போக வேண்டும்: கவுண்டருக்குக் கவுண்டர் ஸ்டூல் போடுங்கள், ஆள் இல்லாத நேரத்தில் பணியாளர்கள் உட்காரலாம் என்று எழுதியே ஒட்டுங்கள். நீங்கள் முதலில் உங்கள் கடையில் ஒட்டினால், எதிர்க்கடையும் ஒட்டும். ஐயா தலையை அசைக்கிறார்கள், அவையோர் சாட்சி, நன்றி ஐயா. மாமன்ற உறுப்பினர் அவர்களும் தங்கள் வார்டில் உள்ள கடைகளில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நூலகர் மேசை மேல் ஒரு மனு இருக்கிறது. தொழிலாளர் துறைக்குப் போகிறது. இந்தப் பிரிவு மதுரைக் கடைகளில் நடைமுறையில் இருக்கிறதா என்று ஆய்வு செய்யுங்கள், இல்லாத கடைகளுக்கு நோட்டீஸ் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். கடையில் வேலை பார்க்கிறவர்கள் பயந்தால் போட வேண்டாம், அவர்களுக்காக நாம் போடுவோம். பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் போதும், என்ன வேலை என்ற கட்டம் அதில் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இங்கிருந்து புறப்பட்டு மனுவை நேரில் கொடுக்கிறோம். வர முடிந்தவர்கள் ஒன்பதரைக்கே நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள். வயதானவர்களுக்கு ஆட்டோ ஏற்பாடு செய்திருக்கிறோம்.

வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.